3டி மாயாஜாலப் படம் தியேட்டரில் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு தியேட்டரில் 11 வருஷம் ஆபரேட்டராக இருந்தேன். பூதம், டிராகன், பறக்கும் மலை என்று ஏதாவது 3டி படம் வந்துவிட்டால் இடைவேளையில் யாராவது கேபின் கதவைத் தட்டுவார்கள். கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள்தான். அடுத்த ரீலுக்கான அவசரம் டிஜிட்டல் வந்தபிறகு இல்லை என்றாலும், 10 நிமிட இடைவேளையில் பாதிப் பதில்தான் சொல்ல முடியும்.

ஒரு அம்மா மூன்று பிள்ளைகளோடு வந்து படம் முழுக்கத் தலைவலியோடு உட்கார்ந்திருந்துவிட்டு, “எங்களுக்கு இது ஒத்துக்காது போல தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குக் கிடைத்திருந்தது முதல் வரிசையில் சுவரோரச் சீட்டு. பின்னால் பத்து வரிசை காலியாகக் கிடந்தது. முன்னமே பார்த்திருந்தால் மாற்றி உட்கார வைத்திருப்பேன். அது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது. அதனால்தான் எல்லாவற்றையும் முழுசாக இங்கே எழுதி வைக்கிறேன்.

3டின்னா என்னண்ணே? படம் எப்படித் திரையை விட்டு வெளியே வருது?

கட்டைவிரலை மூக்குக்கு நேராக ஒரு சாண் தூரத்தில் நிறுத்துங்கள். இடக்கண்ணை மூடிப் பாருங்கள், அப்புறம் வலக்கண்ணை மூடிப் பாருங்கள். பின்னால் இருக்கும் சுவர்க் காலண்டரை வைத்துப் பார்த்தால் விரல் இடமும் வலமும் தாவும். இரண்டு கண்ணுக்கும் நடுவே சுமார் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால் ஒவ்வொரு கண்ணும் உலகத்தைக் கொஞ்சம் வேறு கோணத்தில் பார்க்கிறது. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எது கிட்டே, எது தூரம் என்று மூளை கணக்குப் போடுகிறது.

3டி படத்தில் இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்கு ஒரு படம் என்று இரண்டையும் ஒரே திரையில் போடுகிறோம். ஒரு பொருளின் இரண்டு படமும் ஒரே இடத்தில் விழுந்தால் அது திரையின் மட்டத்தில் நிற்கும். இடக்கண் படம் இடப்பக்கமும் வலக்கண் படம் வலப்பக்கமும் விலகினால் பொருள் திரைக்குப் பின்னால் போய்விடும். இரண்டும் இடம் மாறிக் குறுக்காக விழுந்தால் உங்கள் முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும். டிராகன் மூக்கை நீட்டுவதும் இதனால்தான், அதன் பின்னால் பள்ளத்தாக்கு விரிவதும் இதனால்தான்.

கண்ணாடியைக் கழட்டினா ரெண்டு ரெண்டாத் தெரியுதே, கண்ணாடி என்னதான் பண்ணுது?

எந்தப் படம் எந்தக் கண்ணுக்குப் போகவேண்டும் என்று பிரித்துவிடுகிறது, அவ்வளவுதான். நம் ஊரில் பெரும்பாலும் கிடைப்பது போலரைஸ்டு கண்ணாடி. இரண்டு படத்தின் ஒளியும் வெவ்வேறு விதமாக அதிரும்படி அமைத்துத் திரைக்கு அனுப்புகிறோம், இடது வில்லை ஒன்றையும் வலது வில்லை மற்றதையும் மட்டும் உள்ளே விடுகிறது. ஒரே புரொஜெக்டர் வைத்த தியேட்டரில் இடம், வலம் என்று மாற்றி மாற்றி வினாடிக்கு 144 தடவை படம் விழும். கண்ணுக்கு அது தெரியாது.

இதற்குச் சாதாரண வெள்ளைத் திரை போதாது. அதில் பட்ட ஒளி சிதறி, அந்த அமைப்பு கலைந்துபோகும். அதனால்தான் வெள்ளி போல மினுங்கும் பூச்சுள்ள சில்வர் ஸ்கிரீன் போடுகிறார்கள். வெள்ளைத் திரையிலேயே 3டி காட்டும் தியேட்டர்களும் உண்டு. அங்கே கொடுக்கும் கண்ணாடி கனமாக, பேட்டரியோடு இருக்கும். படம் மாறும் வேகத்துக்கு அதன் வில்லைகள் மாறி மாறித் திறந்து மூடும்.

அந்தக் காலத்துச் சிவப்பு, நீலக் கண்ணாடிதானே இது?

இல்லை. அது வண்ணத்தை வைத்துப் பிரிக்கும் பழைய முறை, படத்தின் நிறமே கெட்டுவிடும். 1984-இல் வந்த இந்தியாவின் முதல் 3டி படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ கூடப் போலரைஸ்டு கண்ணாடியில் பார்த்த படம்தான். ஜிஜோ புன்னூஸ் இயக்கி, அவருடைய அப்பா நவோதயா அப்பச்சன் தயாரித்த மலையாளப் படம் அது. இசை நம் இளையராஜா. மந்திரவாதியிடம் அடிமைப்பட்ட ஒரு குட்டிப் பூதத்தை மூன்று பிள்ளைகள் விடுவிக்கிற கதை. நம் நாட்டில் 3டி பிறந்ததே மாயாஜாலக் கதையில்தான் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

பத்துப் பேர் போட்ட கண்ணாடியாச்சே, மெட்ராஸ் ஐ ஒட்டிக்காதா?

இந்தப் பயம் குட்டிச்சாத்தான் காலத்திலேயே இருந்தது. கண்ணாடி மூலம் கண்வலி பரவுகிறது என்று அப்போது பேச்சு கிளம்பியதால், ஒவ்வொரு காட்சி முடிந்ததும் கண்ணாடிகளைச் சுத்தம் செய்கிறோம் என்று ரஜினிகாந்த் உள்ளிட்ட நடிகர்களைத் திரையில் பேச வைத்துப் படத்துக்கு முன்னால் காட்டினார்கள்.

மெட்ராஸ் ஐ தொட்டால் ஒட்டும் நோய்தான், பார்த்தால் ஒட்டாது. கழுவாத கண்ணாடியைப் போட்டு, அதைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் ஆபத்து உண்டு. உறையில் சீல் வைத்துக் கொடுத்தால் நல்லது. கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தால், சானிடைசர் தொட்ட டிஷ்யூவால் மூக்குப் பகுதியையும் காதுப் பகுதியையும் துடையுங்கள். வில்லையை மட்டும் மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். சட்டை ஓரத்தால் அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும், அடுத்தவர் அந்தக் கீறல் வழியாகத்தான் முழுப் படமும் பார்க்கவேண்டும். வீட்டில் யாருக்காவது கண் சிவந்திருந்தால் அந்த வாரம் போகாதீர்கள்.

நான் ஏற்கெனவே பவர் கண்ணாடி போட்டிருக்கேன். எதைக் கழட்டணும்?

எதையும் கழட்ட வேண்டாம். பவர் கண்ணாடி மேல் 3டி கண்ணாடியைப் போடுங்கள். பவர் இல்லாமல் பார்த்தால் மங்கிய படத்தில் ஆழமும் மங்கிப் போகும். அடிக்கடி 3டி பார்க்கிறவர் என்றால் பவர் கண்ணாடி மேலேயே மாட்டிக்கொள்ளும் கிளிப் வகை விற்கிறது, மூக்கு வலிக்காது.

எந்த வரிசையில டிக்கெட் எடுக்கணும்?

இந்த ஒரு பதிலை மட்டும் படித்தாலும் போதும் என்பேன். திரையிலிருந்து கடைசிச் சுவர் வரை மூன்று பங்காகப் பிரித்து, இரண்டு பங்கு தாண்டிய இடத்தில், நட்ட நடுச் சீட்டு. அங்கிருந்து இரண்டு பக்கமும் நாலைந்து சீட்டு வரை பரவாயில்லை.

ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு நஷ்டம். முதலாவது, சில்வர் ஸ்கிரீன் வெளிச்சத்தை நேராகத் திருப்பி அடிக்கும், பக்கவாட்டில் குறைவாகத்தான் கொடுக்கும். ஓரச் சீட்டில் படம் இருட்டாகத் தெரிவது அதனால். இரண்டாவது, கோட்டையும் மலையும் உங்கள் பக்கமாகச் சரிந்தது போலத் தோன்றும். முன்வரிசையில் வேறு பிரச்சினை. இரண்டு படத்துக்கும் நடுவே உள்ள விலகல் அங்கே கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதால், அதை ஒன்று சேர்க்கக் கண்கள் படாத பாடு படும்.

ரொம்பப் பின்னால் போனால் கண்ணுக்கு நிம்மதி, ஆழமும் இழுத்து நீட்டியது போலக் கூடும். ஆனால் திரை சின்னதாகி அதன் ஓரங்கள் கண்ணில் படும். ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பது போல ஆகிவிடும், உள்ளே இருக்கும் உணர்வு போய்விடும். நல்ல சீட்டு இல்லையென்றால் அடுத்த காட்சிக்குப் போங்கள். 2டி படத்தில் கெட்ட சீட்டைப் பொறுத்துக்கொள்ளலாம், 3டியில் முடியாது.

படம் ஏன் இவ்வளவு இருட்டா இருக்கு? பல்ப் போயிடுச்சா?

பல்பும் காரணமாக இருக்கலாம், ஆனால் முதல் காரணம் அது இல்லை. ஒரு கண்ணுக்கான படம் விழும்போது மற்றக் கண் இருட்டில் இருக்கிறது, அதோடு புரொஜெக்டர் முன்னால் ஒரு வடிகட்டி, உங்கள் மூக்கு மேல் ஒரு வடிகட்டி. 2டிக்குத் திரை வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கவேண்டும் என்பது தொழிலின் அளவு. 3டிக்குக் கண்ணாடி வழியாக நாலரை கிடைத்தாலே சரி என்று வைத்திருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குதான். ராத்திரிக் காட்சி நிறைந்த மாயாஜாலப் படத்தில் இது பளிச்சென்று தெரியும். குகைக்குள் எதிரி எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதே தெரியாமல் போகும்.

இதற்கு மேல் வெளிச்சம் குறைவது தியேட்டரின் பொறுப்பு. செனான் பல்ப் ஓடஓட மங்கும், ஆயுள் முடிந்தும் மாற்றாமல் ஓட்டுகிற இடங்கள் உண்டு. ஒரு கண்ணை மூடிவிட்டு முகங்களைப் பாருங்கள். பகல் காட்சியில் கூட முகம் சாம்பல் பூத்தது போலிருந்தால் மேனேஜரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். நான் கேபினில் இருந்தவரை யார் வந்து சொன்னாலும் போய்ப் பார்த்திருக்கிறேன். சொல்கிறவர்கள்தான் குறைவு. லேசர் புரொஜெக்டர் வைத்த தியேட்டர் பக்கத்தில் இருந்தால் 3டிக்கு அதையே தேர்ந்தெடுங்கள், வெளிச்ச விஷயத்தில் நிஜமாகவே வித்தியாசம் தெரியும்.

போஸ்டர்ல 3டின்னு போட்டா எல்லாம் ஒண்ணுதானே?

ஒன்று இல்லை. இரண்டு லென்ஸ் வைத்து 3டியிலேயே எடுத்த படங்கள் ஒரு வகை. 2009-இல் வந்த ‘அவதார்’, 2018-இல் வந்த நம் ‘2.0’, மோகன்லால் இயக்கி 2024 டிசம்பரில் வந்த ‘பரோஸ்’ எல்லாம் அப்படி எடுத்தவை. சாதாரணமாக எடுத்துவிட்டு அப்புறம் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு உருவத்தையும் வெட்டிப் பிரித்து 3டி ஆக்குவது இன்னொரு வகை.

மாற்றிய படம் என்றாலே மட்டம் என்று நினைக்காதீர்கள். ‘டைட்டானிக்’ படத்தை 2012-இல் 3டிக்கு மாற்ற 60 வாரம் உழைத்தார்கள், பார்க்க அருமையாக இருந்தது. 2010-இல் ‘கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்’ என்ற கிரேக்கப் புராணப் படத்தை அவசர அவசரமாக மாற்றி வெளியிட்டு உலகம் முழுக்கத் திட்டு வாங்கினார்கள். அவசரத்தில் மாற்றியதைக் கண்டுபிடிக்கத் தலைமுடியைப் பாருங்கள். காற்றில் பறக்கும் முடி தனித்தனி இழையாக நிற்காமல், அட்டையில் வெட்டி ஒட்டியது போல முகத்தோடு சேர்ந்தே வரும். ஆட்களும் கட்-அவுட் மாதிரி வரிசையாக நிற்பார்கள், உடம்புக்கு உருட்சி இருக்காது.

ஒண்ணுமே வெளியே வரலையே! ஈட்டி, கல்லு எதுவும் மேல விழல. காசு வேஸ்ட்தானே?

இதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். முகத்துக்கு முன்னால் வருவது 3டியில் ஒரு பாதி. உள்ளே போவது இன்னொரு பாதி, என்னைக் கேட்டால் அதுதான் பெரிய பாதி. குட்டிச்சாத்தானில் ஐஸ்கிரீம் கை எட்டும் தூரத்தில் வந்ததை எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது பிள்ளைகள் சுவரில் ஏறி, கூரையில் நடந்து, மறுபக்கச் சுவர் வழியாக இறங்கி வருகிற பாட்டுத்தான். ஒரு முழு அறையையே சுழலும்படி செட் போட்டு எடுத்தார்கள். ஆழத்தோடு பார்க்கும்போது அந்த அறைக்கு நான்கு சுவரும் ஒரு கூரையும் நிஜமாகவே இருக்கின்றன, பிள்ளைகள் நிஜமாகவே தலைகீழாக நடக்கிறார்கள். 2டியில் அது தந்திரக் காட்சி, 3டியில் அது ஒரு இடம்.

மாயாஜாலப் படத்துக்கு 3டி பொருந்துவதும் இதனால்தான். நாம் பார்த்தே இராத ஊரை இருக்கிறது என்று நம்பவைக்க வேண்டும். ஈட்டி வரும் என்று காத்திருக்காமல், அகலமான காட்சி வரும்போது தூரத்து மலையைப் பாருங்கள். அதற்கும் இந்தப் பக்கம் நிற்கும் மரத்துக்கும் நடுவே காற்று இருக்கும்.

எனக்குத் தலை வலிக்குது. கண்ணுக்குக் கெடுதலா?

நிஜ வாழ்க்கையில் எதைப் பார்க்கிறோமோ அங்கேதான் கண் குவிகிறது, அங்கேதான் இரண்டு கண்ணும் திரும்புகின்றன. 3டியில் டிராகன் உங்கள் முன்னால் நிற்கிறது, கண்கள் அதை நோக்கித் திரும்புகின்றன, ஆனால் ஒளி விழுவதோ திரையில், அதனால் குவிவது அங்கே. எப்போதும் சேர்ந்தே செய்யும் இரண்டு வேலையைப் பிரித்துச் செய்யும் களைப்புத்தான் பலருக்குத் தலைவலி. கண்ணைக் கெடுக்கும் நோய் இல்லை, படம் முடிந்தால் சரியாகிவிடும்.

வரிசை பற்றி மேலே சொன்னதைக் கடைப்பிடித்தால் பாதி வலி வராது. வலிக்கிறபோது கண்ணாடியோடேயே கண்ணை அரை நிமிஷம் மூடித் திறங்கள். இடைவேளையில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெளியே போய்த் தூரத்தில் எதையாவது பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் முதல் தடவை இரண்டரை மணி நேரப் படத்துக்குப் போகாமல் குட்டையான படமாகப் பார்த்துத் தொடங்குங்கள். எவ்வளவு நல்ல சீட்டில் உட்கார்ந்தாலும் ஒவ்வொரு தடவையும் வலிக்கிறது என்றால் கண் டாக்டரைப் பாருங்கள். வெளியே தெரியாத சின்னக் கண் கோளாறு இருக்கலாம்.

பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போலாமா? எத்தனை வயசுல இருந்து?

3டி படம் பார்த்தால் பிள்ளைகளின் கண் கெடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் நாலைந்து வயசுக்குக் கீழே கண்ணாடி மூக்கில் நிற்காது, நழுவ நழுவப் பிள்ளைக்கு எரிச்சல்தான் மிஞ்சும். சின்ன அளவுக் கண்ணாடி இருக்கிறதா என்று கவுன்ட்டரில் கேளுங்கள். இல்லையென்றால் பின்னால் ஒரு ரிப்பனால் லேசாகக் கட்டிவிடலாம்.

இன்னொன்று. பிள்ளைகளுக்கு இரண்டு கண்ணுக்கும் இடைவெளி குறைவு. அதே படம் அவர்களுக்கு நம்மைவிட ஆழமாக, கிட்டே தெரியும். நமக்கு ஒரு கை தூரத்தில் நிற்கும் பூதம் அவர்களுக்கு மூக்குக்கே வந்துவிடும். பயந்து கண்ணாடியைக் கழற்றினால் திட்டாதீர்கள். மடியில் உட்கார வைத்து, தானாகப் போடும்வரை விடுங்கள்.

தமிழ் டப்பிங்ல பார்க்கவா, இங்கிலீஷ்ல சப்டைட்டிலோட பார்க்கவா?

2டி என்றால் உங்கள் இஷ்டம். 3டி என்றால் தமிழ் டப்பிங் என்பேன். சப்டைட்டில் எழுத்து திரைக்குக் கொஞ்சம் முன்னால் மிதக்கும். தூரத்துக் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண், ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் வந்து படித்துவிட்டுத் திரும்பப் போகவேண்டும். தலைவலிக்குச் சொன்ன அதே வேலை இரட்டிப்பாகும்.

எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் 3டியே தெரியல. ஏன்?

இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்தால்தான் இது தெரியும். மாறுகண், சின்ன வயசில் ஒரு கண் மங்கலாக இருந்து மூளை அதைக் கைவிட்ட சோம்பேறிக் கண், ஒரு கண்ணில் மட்டும் முற்றிய புரை என்று பல காரணம் உண்டு. தனக்கு இப்படி ஒரு குறை இருப்பதையே 3டி தியேட்டரில்தான் பலர் முதல்முதலாகத் தெரிந்துகொள்கிறார்கள். பிள்ளை அப்படிச் சொன்னால் தள்ளிப் போடாமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள். சோம்பேறிக் கண்ணைச் சின்ன வயசில் பிடித்தால் சரிசெய்ய நல்ல வாய்ப்பு உண்டு.

பெரியவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் புரூஸ் பிரிட்ஜ்மேன் என்று ஒரு நரம்பியல் அறிஞர். ஆழம் பார்க்கும் திறன் ஏறக்குறைய இல்லாமலே வாழ்ந்தவர். 2012-இல், 67 வயசில், மனைவியோடு ‘ஹியூகோ’ 3டி பார்க்கப் போனவருக்குப் படத்தில் உருவங்கள் எழுந்து நின்றன. வெளியே வந்தால் தெருவிளக்குக் கம்பம் பின்னணியை விட்டுத் தனியாக நின்றது. எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு தடவை போய்ப் பார்ப்பதில் தப்பில்லை.

சில காட்சி டிவி சீரியல் மாதிரி வழவழன்னு ஓடுதே?

வழக்கமான சினிமா வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். 2012-இல் ‘தி ஹாபிட்’ 48 பிரேமில் வந்தது, 2022-இல் ‘அவதார்’ இரண்டாம் பாகம் சில காட்சிகளை மட்டும் 48-இல் காட்டியது. 3டியில் வேகமான அசைவு 24 பிரேமில் வெட்டி வெட்டித் தெரியும், அதைச் சரிசெய்யத்தான் இந்த ஏற்பாடு. தண்ணீருக்கு அடியில் நடக்கும் காட்சியில் எனக்கு இது ரொம்பப் பிடித்தது. இரண்டு பேர் நின்று பேசும் காட்சியில் பிடிக்கவில்லை.

ஒரு தியேட்டர் கண்ணாடி இன்னொரு தியேட்டர்ல வேலை செய்யுமா? தலையைச் சாய்ச்சா நிழல் விழுதே?

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். போலரைஸ்டு கண்ணாடியில் இரண்டு வகை: நேர்கோட்டு வகை, சுழல் வகை. நேர்கோட்டு வகையில் தலையைச் சாய்த்தால் ஒரு கண்ணின் படம் மற்றக் கண்ணுக்குக் கசியும், அதுதான் அந்த நிழல். சுழல் வகையில் கசியாது. ஆனால் அதிலும் பக்கத்தில் இருப்பவர் தோளில் சாய்ந்து பார்க்காதீர்கள், இரண்டு படமும் மேலும் கீழுமாக விலகிக் கண் வலிக்கும்.

கையில் இருப்பது எந்த வகை என்று வாஷ்பேசின் கண்ணாடி முன் நின்றே கண்டுபிடிக்கலாம். 3டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கண்ணை மூடுங்கள். திறந்த கண்ணின் வில்லை கறுப்பாக, மூடிய கண் தெளிவாகத் தெரிந்தால் சுழல் வகை. திறந்த கண் தெரிந்து, மூடிய கண் பக்கம் கறுத்திருந்தால் நேர்கோட்டு வகை. ஒரே வகையாக இருந்தால் பெரும்பாலும் இன்னொரு தியேட்டரிலும் ஓடும். பேட்டரிக் கண்ணாடி அந்தந்தத் தியேட்டருக்கு மட்டும்தான், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்ல 3டி டிவி வாங்கிப் பார்த்தாப் போதாதா?

புதிதாக வாங்க முடியாது. பெரிய கம்பெனிகள் 2017-க்குள் 3டி டிவி தயாரிப்பதை நிறுத்திவிட்டன. இருந்தாலும் சின்னத் திரையில் ஓரங்கள் எப்போதும் கண்ணில் படும். சீட்டு பற்றிச் சொன்ன அந்த ஜன்னல் விஷயம்தான்.

எல்லாமே ஏடாகூடமாத் தெரியுது. பின்னால இருக்கிறது முன்னால வர்ற மாதிரி. என் கண்ணுலதான் கோளாறா?

இல்லை, பெரும்பாலும் எங்கள் கோளாறு. இடக்கண் படமும் வலக்கண் படமும் இடம் மாறிப் போய்விட்டால் ஆழம் உள்வெளியாகப் புரண்டுவிடும். வானம் முன்னால் வந்து, ஆள் அதில் ஓட்டை போட்டது போலத் தெரிவான். கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். அப்படிப் பிடித்தால் இடது வில்லை வலக்கண்ணுக்குப் போய்விடும். படம் சரியாகத் தெரிந்தால் புரொஜெக்டர் பக்கம்தான் தப்பு. உடனே எழுந்து போய்ச் சொல்லுங்கள், அரை நிமிஷத்தில் மாற்றிவிடலாம்.

என் தியேட்டரில் ஒரு தடவை இது நடந்தது. 20 நிமிஷம் அரங்கமே பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தது, 3டி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். எட்டாவது படிக்கிற பையன் ஒருவன் கண்ணாடியைத் தலைகீழாகப் பிடித்தபடியே படியேறி வந்து, “அண்ணே, இப்படிப் பிடிச்சாத்தான் சரியாத் தெரியுது” என்றான். செட்டிங்கை மாற்றிவிட்டு கேபின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திரையில் ஒரு அருவி. முன் வரிசையிலிருந்து பின்வரிசை வரை மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தது.